திராட்சைச் சாலையில் சாரதியின் பங்கு

பிரான்ஸ் தேசத்தின் கிழக்கெல்லையில், வோஜ் மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி, மார்லென்ஹைம் என்னும் சிற்றூரில் தொடங்கி டான் என்னும் சிறு நகரத்தில் முடிவடைகிற, ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளமுள்ள அல்ஸாஸ் திராட்சைச் சாலை, தன்னை நாடி வரும் பிரயாணியிடம் ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு காரியங்களை எதிர்பார்க்கிறது. சொந்தமாகக் காரை ஓட்டிக்கொண்டு வா என்கிறது. வந்தபின், வழிநெடுகத் திறந்து கிடக்கும் நிலவறைகளில் நுழைந்து அந்தந்த ஊர் ஒயினைச் சுவைத்துப் பார் என்கிறது. பிரெஞ்சுச் சட்டமோ, இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலை எட்டிய ஓட்டுநரைத் தயவுதாட்சணியமின்றித் தண்டிக்கிறது. உரிமம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவருக்கு அந்த வரம்பு 0.2 கிராம்தான். ஆகவே, கூடிப் புறப்படும் நண்பர்களுள் ஒருவர் அன்றைய தினம் கோப்பையைத் துறந்தாக வேண்டியிருக்கிறது. அவரைப் பார்த்து மற்றவர்கள் அனுதாபப்படுவது வழக்கம். அந்த அனுதாபம் அநாவசியம் என்பதும், அச்சாலையின் ரசனையில் பெரும் பங்கு சாரதிக்கே சேருகிறது என்பதும் என் அபிப்பிராயம்.

அந்தச் சாலை யாத்திரிகர்கள் நடந்து நடந்து தானாக உருவான பழைய பாதையன்று. யுத்தம் ஓய்ந்து எட்டு ஆண்டுகளே கழிந்திருந்த வேளையில், 1953ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி, வடகோடியிலிருந்து ஒன்றும் தென்கோடியிலிருந்து ஒன்றுமாக இரண்டு கார் ஊர்வலங்கள் ஏககாலத்தில் புறப்பட, அந்த வைபவத்தோடு அது திறக்கப்பட்டது. ஊர்களை இணைக்கும் சாதாரணக் கிராமச் சாலைகள் முன்பே இருந்தன. அவற்றைக் கோத்து ஒரு பெயர் சூட்டியதுதான் நூதனம். எல்லைக்கு அப்பால் ஜெர்மானியர்கள் 1935இலேயே தங்கள் திராட்சைச் சாலையைத் திறந்து, தேங்கிக் கிடந்த மதுவுக்கு வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆக, இரண்டுமே வியாபார நோக்கத்தோடு தேசப்படத்தின்மேல் வரையப்பட்ட கோடுகள் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் அந்தக் கோடு எந்த நிலத்தின்மேல் வரையப்பட்டதோ அந்த நிலம் வியாபாரத்தைவிட வெகு பழமையானது. அதைக் காணவே போகிறோம்.

காரை ஸ்ட்ராஸ்பூரிலோ கோல்மாரிலோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இடப்புறம் ஓட்டிப் பழகிய நமக்கு, வலப்புறம் ஓட்டும் அந்நாட்டில், வட்டச் சந்திப்புகளில் எதிர்த்திசையாகச் சுற்றி வருவது முதல் சில மணி நேரம் மனத்தைப் பதறச் செய்யும். அந்தச் சாலையில் எவரும் விரைவதில்லை என்பது ஆறுதல். கிழக்கே சமவெளியில் இணையாக ஓடும் ஏ-35 நெடுஞ்சாலை முழுத் தூரத்தையும் இரண்டு மணி நேரத்துக்குள் கடத்திவிடும். ஆகையால் அதைத் தொடாமலிருப்பது நல்லது. தொடங்கிய சற்று நேரத்திலேயே எதிர்ப்படும் மோல்ஸைம் நகரத்தில்தான் எத்தோரே புகாத்தி 1909இல் தம் கார்த் தொழிற்சாலையை நிறுவினார். உலகத்தின் அதிவேகக் கார்களுள் சேர்த்து எண்ணப்படும் வண்டிகள், உலகத்திலேயே மெதுவாக ஓட்ட வேண்டிய சாலையின் ஓரத்தில் பிறப்பது விதியின் வேடிக்கைபோலும்! நண்பகலில் நிலவறைகள் பலவும் இரண்டு மணி நேரம் கதவடைத்துவிடும் என்பதையும், ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதும் திறவாததும் அவரவர் இஷ்டம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுவது சௌகரியம்.

வண்டியை ஓட்டுபவர் முதலில் கவனிப்பது வானத்தை. அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து கிளம்பி வரும் மேகங்கள் வோஜ் மலையின் முகடுகளில் மோதித் தம் சுமையை அங்கேயே இறக்கிவிடுவதால், முகட்டில் கருமை கவிந்திருக்கும்போதே அடிவாரத்துச் சரிவுகளில் வெயில் தெளிவாக அடித்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடி வழியே ஒரே பார்வையில் காணலாம். கோல்மார் நகரத்துக்கு ஆண்டொன்றில் கிடைக்கும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். சில மைல்கள் மேற்கே உயரத்தில் அதைப்போல் மூன்று மடங்கு பெய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கும் கோவைச் சீமையை அறிந்தவர்களுக்கு இந்த விந்தையை விளக்க வேண்டியதில்லை. இவ்வளவு வடக்கே தள்ளியிருக்கும் குளிர்ப் பிரதேசத்தில் திராட்சை முற்றிக் கனிவதற்குக் காரணம் இந்த மறைவும், கிழக்கையும் தெற்கையும் நோக்கிச் சரியும் குன்றுகள் வாங்கி வைத்துக்கொள்ளும் வெயிலும்தான்.

வானத்துக்கு அடுத்தபடியாக மண். வோஜ் மலையும், ரைன் நதிக்கு அப்பால் நீலமாகத் தெரியும் ஜெர்மானியக் கருங்காட்டு மலையும் ஆதியில் ஒரே மேட்டு நிலமாக இருந்து, பல கோடி ஆண்டுகளுக்கு முன் நடுப்பகுதி பிளந்து தாழ்ந்துபோகவே இருபுறமும் ஒதுங்கி நின்றவை என்பது பூகர்ப்ப சாஸ்திரிகளின் முடிவு. அந்தப் பிளவின் விளிம்பில் பாறைகள் முறைப்படி அடுக்கப்படாமல் நொறுங்கிக் கலந்து கிடப்பதால், ஓர் ஊரில் கருங்கல் மண், அடுத்த ஊரில் சுண்ணாம்பு, அதற்கடுத்த ஊரில் களி என்று நிலம் மாறிக்கொண்டே வருகிறது. கருங்கல் மண்ணில் ரீஸ்லிங் என்னும் வகை கூர்மையும் தெளிவும் பெறுகிறது. சுண்ணாம்பு கலந்த கனத்த களியில் கெவுர்ஸ்டிராமினர், ரோஜாவும் வாசனைத் திரவியமும் கலந்தாற்போல மணக்கிறது. ஒவ்வொரு சரிவுக்கும் தனித்தனியே பெயரும் கீர்த்தியும் உண்டு; அவற்றுள் 51 சரிவுகள் முதல்தரமானவை என்று சட்டமே அங்கீகரித்திருக்கிறது. 1975இல் முதன்முதலில் அந்தப் பட்டத்தைப் பெற்ற ஷ்லோஸ்பெர்க் சரிவின் கற்சுவர்ப் படிக்கட்டுத் தோட்டங்கள் கைசர்ஸ்பெர்க் ஊருக்கு மேலே சாலையிலிருந்தே தெரிகின்றன. பிரான்ஸின் மற்றப் பிரதேசங்களில் புட்டியின்மேல் ஊர்ப் பெயரை மட்டும் போட்டுவிட்டுத் திராட்சையின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுவது சம்பிரதாயம். அல்ஸாஸில் திராட்சையின் பெயரையே முன்னால் எழுதுகிறார்கள். புதியவருக்கு இது பெரிய உபகாரம்.

நிலவறைக்குள் நுழைந்தபிறகு நடந்துகொள்ள வேண்டிய விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்தாரே தோட்டத்தில் உழைத்து, அவர்களே பிழிந்து, பெரிய ஓக் மரப் பீப்பாய்களில் வைத்திருந்து புட்டியில் அடைக்கிற வீடுகள் அங்கே ஏராளம். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த கையே கோப்பையில் ஊற்றிக் கொடுக்கும். மேசையின் ஓரத்தில் ஒரு படிக்கம் இருக்கும். வாயிலிட்டுச் சுவைத்து, நாக்கில் உருட்டிப் பார்த்து, அதில் துப்பிவிடுவது அங்கே அவமரியாதையாகக் கருதப்படுவதில்லை; தொழில் தெரிந்தவர்கள் அனைவரும் அவ்வாறே செய்கிறார்கள். சாரதியும் அப்படியே செய்யலாமே என்று சொல்பவர்கள் உண்டு. துப்பினாலும் சிறிதளவு உள்ளே போகத்தான் செய்கிறது; பல இடங்களில் நின்று வந்தால் கணக்கு ஏறிவிடும். முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, பிடித்ததில் இரண்டு புட்டி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வதே அவருக்கு உகந்த மார்க்கம். எதுவும் வாங்காமல் கோப்பை கோப்பையாகச் சுவைத்துவிட்டு வெளியேறுவது மட்டும் எந்த ஊரிலும் அழகல்ல.

சாலையின் மத்தியப் பகுதியில் ரிக்விர் என்னும் ஊர் இருக்கிறது. 1291இல் எழுப்பிய டோல்டர் கோபுரமும், மரச்சட்டங்களுக்கு நடுவே மண் அப்பி வண்ணம் தீட்டிய பதினாறாம் நூற்றாண்டு வீடுகளுமாக, படம் எழுதி வைத்தாற்போல நிற்கும் அவ்வூருக்குப் பஸ்கள் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. பஸ் நிற்காமல் கடந்துவிடுகிற பென்விர், அங்கிருந்து சில நிமிஷ தூரத்தில், அதே தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. அங்கே பழைய வீடுகளே கிடையா. 1944ஆம் ஆண்டு டிசம்பரில், கோல்மாரைச் சூழ்ந்த நிலப்பரப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஜெர்மானியப் படைக்கும் நேச நாட்டுப் படைக்கும் நடந்த போரில் பென்விர் தரைமட்டமாயிற்று; பக்கத்துச் சிகோல்ஸைமும் அம்மர்ஷ்விரும் அதே கதியை அடைந்தன. சிகோல்ஸைமுக்கு மேலே திராட்சைக் கொடிகளுக்கு மத்தியில் அமைந்த மயானத்தில், பிரான்ஸுக்காகப் போரிட்டு மடிந்த வட ஆப்பிரிக்க வீரர்கள் பலர் துயில்கிறார்கள். ரிக்விரை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் அல்ஸாஸ் எக்காலமும் நிம்மதியாக இருந்த நாடு என்று நம்பிவிடுவார். உண்மையில் 1871, 1918, 1940, 1945 என்று ஒரு மனித ஆயுளுக்குள் நான்கு முறை அந்த மண்ணின் கொடி மாறியது. 1871க்குப் பிறகு ஜெர்மானிய ஆட்சியில் மலிவான மதுவுக்கே கிராக்கி இருந்ததால் கண்ட கண்ட வகைகளைப் பயிரிட்ட குடியானவர்கள், பிரான்ஸோடு மீண்டும் இணைந்தபிறகுதான் உயர்ந்த ரகங்களுக்குத் திரும்பினார்கள். தன் விருப்பப்படி வண்டியைத் திருப்பக்கூடியவருக்குத்தான் பென்விர் கிடைக்கும்.

கைசர்ஸ்பெர்க்கில் சற்று அதிகமாகத் தங்குவதற்குத் தமிழர்களுக்கு ஒரு முகாந்திரம் உண்டு. 1875ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி இவ்வூரில் ஒரு பாதிரியாரின் இல்லத்தில் பிறந்தவர் ஆல்பர்ட் ஷ்வைட்ஸர். ஜெர்மானியப் பிரஜையாகப் பிறந்த குற்றத்துக்காக, ஆப்பிரிக்காவின் லாம்பரேனேயில் ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்த அவரை முதல் உலக யுத்தத்தின்போது பிரெஞ்சு அதிகாரிகள் காவலில் வைத்தார்கள். சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது, இந்தத் திராட்சைச் சாலை திறக்கப்பட்ட அதே 1953இல்தான். இந்தியத் தத்துவ ஞானத்தைப் பற்றி அவர் 1935இல் வெளியிட்ட நூலில் திருக்குறளை மனமாரப் புகழ்ந்திருக்கிறார். கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கிய நூலை உலகுக்கு எடுத்துச் சொன்னவர், ஷ்லோஸ்பெர்க் திராட்சைத் தோட்டத்தின் நிழலில் பிறந்தவர் என்பதை நினைத்துக்கொண்டு, கையில் கோப்பையில்லாத சாரதி அந்த வீதியில் கொஞ்சம் நிமிர்ந்தே நடக்கலாம்.

கோல்மாரில் உண்டர்லிண்டன் மியூசியத்தில் உள்ள க்ரூனவால்டின் ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் ஒன்றுக்காகவே அரை நாளை ஒதுக்க வேண்டும். எகிஷைமின் வட்ட வீதிகளை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். அதன்பின் சாலை ஆள்நடமாட்டம் குறைந்து டானை அடைகிறது. அங்கே ஊருக்கு மேலே ராங்கன் என்னும் எரிமலை மண் சரிவு செங்குத்தாக எழுகிறது. முதல்தரச் சரிவுகளுள் முழுக்க முழுக்க எரிமலைப் பாறைமேல் அமைந்தது அது ஒன்றே. இன்னும் ஒரு நாள் கைவசம் உள்ளவர்கள் வந்த வழியே திரும்பாமல், முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சு ராணுவம் எதிரியின் பார்வைக்கு மறைவாகப் போட்ட முகட்டுச் சாலையில் ஏறி, மேகம் மழையை இறக்கும் அந்த உச்சிகளையும் பார்த்துவிட்டு, மன்ஸ்டர் பள்ளத்தாக்கு வழியாகக் கோல்மாருக்கு இறங்கலாம். பனிக்காலத்தில் முகட்டுச் சாலை மூடப்பட்டிருக்கும். ஆதலின் இரண்டையும் சேர்த்துக் காண விரும்புபவர், அறுவடை தொடங்கும் செப்டம்பரில் புறப்படுவது உத்தமம்.