வாளியைப் பெற்ற உருக்கு அச்சு!

உங்கள் வீட்டில் பிளாஸ்டிக் வாளி இருக்கிறதா? அதை வார்த்தெடுக்க உருக்கு அச்சு வேண்டும். அந்த அச்சைக் குடைந்தெடுக்கக் கட்டர் வேண்டும்.

1964-ம் ஆண்டு தொழிற்பேட்டை அமைந்த அம்பத்தூரில், இந்த வேலை தெரிந்த பட்டறைகள் பல உண்டு.

எந்தக் கட்டர்?

1900-ம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் 'ஹைஸ்பீடு' உருக்குக் கட்டர் எல்லோரையும் வியக்க வைத்தது. அதை வென்றது, 1920-களில் ஜெர்மனியில் பிறந்த டங்ஸ்டன் கார்பைடு. கடினமான உருக்கை அதிவேகத்தில் வெட்ட இன்று அதுதான் கை கொடுக்கிறது. மேலே டைட்டானியமும் அலுமினியமும் கலந்த மெல்லிய பூச்சு இருந்தால், சூட்டை நன்றாகத் தாங்கும்.

வளைவான இடங்களுக்கு உருண்டை முனைக் கட்டர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்!

கட்டரின் விட்டம் 10 மில்லி மீட்டர் என்று வையுங்கள். சமதளத்தில் 0.2 மில்லி மீட்டர் ஆழம் வெட்டினால், உருக்கைத் தொடும் வட்டத்தின் விட்டம் 2.8 மில்லி மீட்டர்தான். நட்ட நடு முனையோ வெட்டாது, தேய்க்கும். ஆகவே சுழலும் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

நீளத்தில் ஆபத்து

கட்டர் பிடியிலிருந்து எவ்வளவு குறைவாக நீள்கிறதோ, அவ்வளவு நல்லது. நீளம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு! வளைந்தால் அதிரும்; அதிர்ந்தால் முறியும்.

சூடான கார்பைடின் மீது குளிர்ந்த நீர் விட்டு விட்டுப் பட்டால் வெடிப்பு விழும். அதனால் கடின உருக்கை வெட்டும்போது, காற்றை ஊதியே சீவலை விரட்டுகிறார்கள்.

கட்டர் முறிந்தால் கட்டர் மட்டுமா போகும்? பல நாள் உழைத்த அச்சும் போகும். விலையைப் பார்க்கும் முன் வேலையைப் பார்த்து வாங்குவதே லாபம்!