உங்களுக்குத் தெரியுமா?

மேலூர் பக்கத்துத் திருவாதவூர் மதுரைக்கு ஓர் அமைச்சரைத் தந்த ஊர். மாணிக்கவாசகர் பிறந்தது இங்கேதான். திருவாசகம் பாடியவராகவே நாம் அறிந்த அவர், பாண்டியனின் அரசவையில் ‘தென்னவன் பிரமராயன்’ என்ற பட்டத்தோடு முதலமைச்சராக இருந்தவர் என்கின்றன புராணங்கள்.

அரசன் அவரிடம் ஒப்படைத்த பெரிய வேலை, கடற்கரைக்குப் போய்க் குதிரை வாங்கி வருவது. சாதாரணக் காரியமில்லை. குதிரை இங்கே சரியாகப் பெருகாது. அரபு நாடுகளிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, குதிரைக்காக இங்கே கொட்டப்பட்ட பணத்தையும், சரியான பராமரிப்பில்லாமல் அவை மடிந்ததையும் குறிப்பிடுகிறார். ஆக, அமைச்சர் கையில் இருந்தது கஜானாவின் கனத்த பங்கு. அதை அவர் திருப்பெருந்துறையில், இன்றைய ஆவுடையார்கோயிலில், திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார். இன்றைய தணிக்கை அதிகாரி என்ன எழுதியிருப்பாரோ! பிறகு நரி பரியானது, வைகை பெருகியது, இறைவன் பிட்டுக்கு மண் சுமந்தது எல்லாம் ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை ஆண்டுதோறும் காணும் கதை.

இதே திருவாதவூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் இன்னொருவர் சங்கப் புலவர் கபிலர். வள்ளல் பாரி இறந்தபின் அவன் மகளிருக்கு மணம் பேச, சிற்றரசர்களிடம் தூது போனவர். புறநானூற்றின் 200, 201ஆம் பாடல்கள் அந்தப் பேச்சுவார்த்தைதான். விச்சிக்கோனும் இருங்கோவேளும் இசையவில்லை. தூதருக்கு நிதானம் வேண்டும் என்பார்கள்; இவரோ 202ஆம் பாட்டில் இருங்கோவேளை நேருக்கு நேர் சாடிவிட்டார்.