சுற்றிப் போனால் சீக்கிரம்!

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எந்தத் திசையில் பறக்க வேண்டும்? சுவரில் தொங்கும் உலக வரைபடம் கிழக்கு என்றோ மேற்கு என்றோதான் சொல்லும். உருண்டையான பூமி மாதிரியை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் விடை மாறிவிடும். நூல் நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிச் சென்று, அந்தப் பக்கம் இறங்கும்.

சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்கு 74 பாகையிலும் இருக்கின்றன. கூட்டினால் 178. முழு எதிர்ப்பக்கத்துக்கு 2 பாகைதான் குறைவு. அதனால்தான் துருவத்தையொட்டிய பாதை குறுக்குவழி ஆகிறது. அதன் நீளம் சுமார் 15,350 கி.மீ.

நேரம் எவ்வளவு?

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வகுத்தால் 17 மணி நேரம் வரும். ஆனால் பயணம் பதினெட்டரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் கணக்கில் சேரும்.

காற்றும் பயண நேரத்தை மாற்றும். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ‘ஜெட் ஸ்ட்ரீம்’ குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். முதுகில் தள்ளினால் லாபம், முகத்தில் அடித்தால் நஷ்டம். ஆகவே நியூயார்க் செல்லும் விமானம் குறுக்குவழியை விட்டுவிட்டு, பல நாட்களில் வட பசிபிக் வழியாகக் காற்றோடு போகிறது. தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்.

எரிபொருள்தான் இந்தச் சேவையின் தலையெழுத்தையே எழுதியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க்கை ஒட்டிய நூவர்க்குக்கு நேரடி விமானம் விட்டது. நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தியது. இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900யுஎல்ஆர் வந்த பிறகு, 2018இல் மீண்டும் தொடங்கியது. 2020 நவம்பரில் கென்னடிக்கும் பறந்தது. இந்த விமானத்தின் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும். எடையைக் குறைக்க, பயணிகள் 161 பேர் மட்டுமே. சாதாரண வகுப்பே கிடையாது.

கடிகாரத்தை நம்பாதீர்கள்

குளிர்காலத்தில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும். நள்ளிரவு 12 மணிக்குச் சிங்கப்பூரில் ஏறி, பதினெட்டரை மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் காலை 5.30தான் ஆகியிருக்கும். திரும்பும்போது வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டும்: திங்கள் இரவு 11 மணிக்குக் கிளம்பி அதே நேரம் பறந்தால், இறங்குவது புதன் காலை 6.30க்கு. செவ்வாய்க்கிழமையைக் காணோம்!

டிக்கெட்டில் அச்சாகும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்காமல், ‘பயண நேரம்’ என்ற வரியைப் பாருங்கள். வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுபவர்கள் எத்தனை வேளைக்குக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அந்த வரிதான் சொல்லும்.