செக்யூரிட்டிக்கே இல்லாத செக்யூரிட்டி

ஓசூர் சிப்காட்ல ஷிப்டு மாறுற நேரம். கேட்ல ஒரு அண்ணன் நோட்டுல வண்டி நம்பர் எழுதிட்டிருக்கார். அவரை நாம பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல, "செக்யூரிட்டி"ன்னுதான் கூப்பிடறோம். ஆனா அவருக்குச் சம்பளம் போடறது கம்பெனி இல்ல, ஏஜென்சி. ஏஜென்சி மாறினா அவர் பொழப்பும் அந்தரத்துல. செக்யூரிட்டிக்கே இன்செக்யூரிட்டி! இன்னிக்கு அந்த வார்த்தையைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

அகராதியில 'பாதுகாப்பின்மை'ன்னு இருக்கும். எனக்கு அது பத்தல. பாதுகாப்புன்னாலே பூட்டு, போலீசு, கேட்டுதான் ஞாபகம் வருது. மூலம் லத்தீன்ல 'செகூருஸ்'. 'செ'ன்னா இல்லாம, 'கூரா'ன்னா கவலை. கவலையில்லாம இருக்கறதுதான் செக்யூரிட்டி. முன்னாடி 'இன்' ஒட்டினா அந்த நிம்மதி போச்சு.

ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி போனா, கன்னடத்துல 'அபத்ரதெ'. ஓசூர்லயே வீட்ல தெலுங்கு பேசறவங்களுக்கு 'அபத்ரத'. நம்ம அம்மா "பத்திரமா போயிட்டு வா"ங்கறாங்களே, அதே பத்திரம்தான். பதிவு ஆபீஸ் பத்திரத்துக்கு வேர் வேற. ஆனா இந்த ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான்: கன்பர்மேஷன் லெட்டர் கைக்கு வந்தாத்தான் பத்திரம்.

1981ல தமிழ்நாட்டுல ஒரு சட்டம் வந்துச்சு. 24 மாசத்துல 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கணும். நல்ல சட்டம். ஆனா 480 நெருங்கறப்ப வேலைக்கு ஒரு 'பிரேக்' வந்து நிக்கும். இல்லேன்னா அப்ரண்டிஸ்னு எடுப்பாங்க. அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் தொழிலாளியே இல்ல, பயிற்சி எடுக்கறவர்.

பொண்ணு பார்க்கப் போனா முதல் கேள்வியே "பர்மனன்டா, கான்ட்ராக்டா?"தான். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தா, "உங்க இன்செக்யூரிட்டியை ஜெயிக்க மூச்சை இழுத்து விடுங்க"ன்னு ஒருத்தர் சொல்றார். மனசுல இருக்கற தாழ்வுணர்ச்சிக்கும் இதே வார்த்தை, மாசச் சம்பளம் நிலையில்லாததுக்கும் இதே வார்த்தை. அதனாலதான் இந்தக் குழப்பம். கான்ட்ராக்ட்ல இருக்கறவனுக்கு மூச்சுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க.

நான் இருந்த ரூம்ல ஒரு தம்பி, போன வருஷக் காலண்டரையும் இந்த வருஷக் காலண்டரையும் ஒரே ஆணியில மாட்டியிருந்தான். வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் பேனாவுல ஒரு கோடு. 452 வரைக்கும் எண்ணியிருந்தான். "தீபாவளிக்கு ஊருக்குப் போகலையாடா?"ன்னேன்.

"பிரேக் குடுப்பாங்கல்லண்ணா, அப்ப போயிக்கறேன்"னான்.