துறைமுகத்தில் கப்பல்

பினாங்கு ஜார்ஜ்டவுன் கடற்கரைப் பக்கம் போனவர்கள், பல மாடிக் கட்டடமொன்று நீரில் மிதந்து வருவதுபோல உல்லாசக் கப்பல் வருவதைக் கண்டிருப்பார்கள். அவ்வளவு பெரிய கப்பல் தரைதட்டாமலும் மோதாமலும் துறை சேர்வது எப்படி? இன்று அதைப் பார்ப்போம்.

கப்பல் வடக்கிலிருந்து, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடலுக்குள் வருகிறது. நுழையுமுன் சிறு படகொன்று அதை எதிர்கொள்கிறது. அதில் வருபவர் பைலட் எனப்படும் துறைமுக வழிகாட்டி. கயிற்றேணியைப் பிடித்து ஏறி, அவர் கப்பல் தலைவரின் பக்கத்தில் நிற்கிறார். தலைவர் ஏழு கடலும் அறிந்தவராக இருக்கலாம். ஆனால் இந்தத் துறையில் எங்கே ஆழம், எங்கே மணல்மேடு, நீரோட்டம் எந்நேரம் எப்படி இழுக்கும் என்பதை அறிந்தவர் வழிகாட்டியே. புதிய காட்டுக்குள் போகுமுன் பழைய ஆளை நாம் துணைக்கு அழைப்பதில்லையா? அதுபோலத்தான்.

வலப்பக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை தெரிகிறது. அதைத் தாண்டியதும் சுவெட்டன்ஹாம் துறை. இங்கே வேகம் அடியோடு குறைகிறது. கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்த, நீருக்கடியில் தனிச் சுழல்விசிறிகள் உண்டு. தேவையானால் இழுவைப் படகுகளும் தள்ளிக் கொடுக்கும். பிறகு, நுனியில் கனம் கட்டிய மெல்லிய கயிற்றைக் கரைக்கு வீசுவார்கள். அதை இழுத்தால் பின்னால் தடித்த வடம் வரும். வடங்களை இரும்புத் தூண்களில் மாட்டிய பிறகே நடைபாலம் இறங்கும்.

ஆனாலும் உடனே இறங்கிவிட முடியாது. வெளிநாட்டுக் கப்பலுக்குச் சுகாதார அனுமதி வேண்டும். ‘கப்பலில் நோய் இல்லை, அனுமதி தருக’ என்பதற்கு மஞ்சள் கொடி ஏற்றுவது கடல் வழக்கம்.

இந்தச் சோதனையின் கடுமையை நம் மூத்தோர் நன்கு அறிவார்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மக்களை ஏற்றிக்கொண்டு 1973 வரை இக்கடல்வழியே வந்தது. அவர்களில் மிகப் பலர் அறை இல்லாமல் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். அம்மைக்கும் காலராவுக்கும் உலகம் அஞ்சிய காலத்தில், தோட்ட வேலைக்கு வந்தவர்களை ஜெரஜாக் தீவில் நிறுத்திச் சோதித்த பிறகே அனுப்பினார்கள். பினாங்குக் கரை கண்ணெதிரே இருந்தும் கால் வைக்க முடியாமல் அவர்கள் காத்திருந்தார்கள்.

இன்று உல்லாசக் கப்பலில் வருவோர் ஒரு பகல் சுற்றுகிறார்கள்; 1833இல் எழுந்த குயின் வீதி மாரியம்மன் கோவிலைப் படமெடுக்கிறார்கள்; மாலையில் கப்பல் ஏறிவிடுகிறார்கள். நம்மவரில் பலர் வந்தது திரும்பாத பயணம். அவர்கள் கால் பதித்த பிறகே ரப்பர்த் தோட்டங்களில் நமக்கொரு குடும்பம் உண்டாயிற்று.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ இன்றிரவே கேளுங்கள்: குடும்பத்தில் முதலில் வந்தவர் யார்? எந்தக் கப்பல்? எந்த ஆண்டு? யார் துணைக்கு வந்தார்கள்? பிள்ளைகள் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். தகரப்பெட்டியின் அடியில் பழைய பயணச் சீட்டோ தாளோ கிடந்தால், குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். துறைமுகத்துக்கு வழிகாட்டி எப்படியோ, பின்னால் வரும் பிள்ளைகளுக்கு அந்தத் தாள் அப்படி.