விண்வெளியிலிருந்து பெறப்பட்ட புவிப் படங்கள்: உண்மையை அறிவது எவ்வாறு?

தரம் 10, 11 – புவியியல்

தீபாவளி நெருங்கும் காலத்தில் ஒரு படம் ஆண்டுதோறும் கைத்தொலைபேசிகளில் வலம் வருவதை மாணவர்கள் பார்த்திருக்கலாம். இருண்ட பின்னணியில் இந்தியா வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு ஆகிய நிறங்களில் மின்னும். "தீபாவளி இரவில் இந்தியா – நாசா எடுத்த படம்" என்று அதன் கீழ் எழுதப்பட்டிருக்கும். இப்படம் உண்மையானதா?

இதற்கு ஒரு சொல்லில் விடை கூற முடியாது. இங்கு இரண்டு வினாக்கள் உள்ளன.

(அ) படம் உண்மையான தரவுகளிலிருந்து பெறப்பட்டதா?
(ஆ) படத்தின் கீழ் எழுதப்பட்ட விளக்கம் உண்மையானதா?

இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்குவதே இப்பாடத்தின் மையக் கருத்தாகும்.

1. தீபாவளிப் படத்தின் உண்மை

இப்படம் பொய்ப் படம் அன்று. ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்பு வானிலைச் செய்மதிகள் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்த இராக்கால ஒளித் தரவுகளைக் கொண்டு, அந்நாட்டின் தேசிய சமுத்திர வளிமண்டல நிர்வாகத்தைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ் என்ற விஞ்ஞானி 2003இல் இதனைத் தயாரித்தார். அதன் நோக்கம் காலப்போக்கில் சனத்தொகையும் நகரங்களும் பெருகியதைக் காட்டுவதாகும். நிறங்களின் பொருள் வருமாறு:

வெள்ளை – 1992க்கு முன்னரே காணப்பட்ட ஒளி
நீலம் – 1992இல் தென்பட்ட ஒளி
பச்சை – 1998இல் தென்பட்ட ஒளி
சிவப்பு – 2003இல் தென்பட்ட ஒளி

எனவே இது ஓர் இரவின் படம் அன்று. பல ஆண்டுகளின் தொகுப்பு. நிறங்களும் விளக்குகளின் நிறங்கள் அல்ல. ஆண்டுகளைக் குறிக்கும் அடையாளங்கள். தவறான செய்தி பரவியதால், 2012 நவம்பர் 12ஆம் திகதி இரவு சுவோமி என்.பி.பி. செய்மதி பெற்ற தெற்காசியப் படத்தை நாசா வெளியிட்டது. தீபாவளியால் மேலதிகமாகக் கிடைக்கும் ஒளி மிகச் சிறிதாகையால் அது விண்வெளியிலிருந்து புலப்படாது எனவும் விளக்கியது. ஆகவே (அ)வுக்கு விடை "ஆம்". (ஆ)வுக்கு விடை "இல்லை".

2. புவிப் படங்களின் வகைகள்

(i) நேரடி ஒளிப்படம்: மனிதனோ கருவியோ ஒரே கணத்தில் எடுத்த படம். உதாரணமாக, 1966 செப்ரெம்பரில் ஜெமினி 11 விண்கலத்தில் சென்ற கொன்றாட், கோர்டன் ஆகியோர் இந்தியாவையும் இலங்கையையும் ஒருங்கே காட்டும் படத்தை எடுத்தனர்.

(ii) தொகுப்புப் படம்: பல நாட்களில் பெற்ற பகுதிகளைக் கணினியில் இணைத்து ஆக்கப்படுவது. முகில் எதுவுமின்றி முழுப் புவியையும் காட்டும் படங்கள் இவ்வகையின.

(iii) போலி வர்ணப் படம்: கண்ணுக்குப் புலப்படாத கதிர்களுக்கு நிறம் கொடுத்து ஆக்கப்படுவது. இதில் தாவரங்கள் சிவப்பாகத் தோன்றலாம். பெயரில் "போலி" என்றிருப்பினும் இது ஏமாற்று அன்று.

(iv) புனைவுப் படம்: ஓவியமாகவோ, கணினியாலோ, செயற்கை நுண்ணறிவாலோ உருவாக்கப்பட்டது. இதனை உண்மைப் படமெனப் பரப்புவதே ஏமாற்றாகும்.

3. கேட்க வேண்டிய ஐந்து வினாக்கள்

1) யார், எதனால் எடுத்தது? உண்மையான படத்துடன் செய்மதியின் அல்லது விண்கலத்தின் பெயர் கிடைக்கும். "நாசா எடுத்தது" என்பது மட்டும் போதிய சான்று அன்று.

2) எப்போது எடுத்தது? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது குவிக்பேர்ட் செய்மதி களுத்துறைக் கரையோரத்தைப் படம் பிடித்தது. நாள், இடம், செய்மதி ஆகிய மூன்றும் தெரிந்தமையால் அதனை முன்னைய படத்துடன் ஒப்பிட்டுக் கடல்நீரின் அசைவை அறிய முடிந்தது.

3) எவ்வளவு உயரத்திலிருந்து? சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து அடிவானம் ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர் வரையே தெரியும். எனவே முழு உருண்டையைக் காட்டும் படம் அங்கிருந்து எடுக்கப்பட்டதாகக் கூறினால் ஐயுற வேண்டும். 1972 டிசம்பர் 7இல் அப்பலோ 17 குழுவினர் முழுப் புவியை எடுத்தது சுமார் 29,000 கிலோமீற்றர் தூரத்திலிருந்தாகும்.

4) வேறு பதிவுகளுடன் பொருந்துகிறதா? அதே அப்பலோ படத்தின் மேல் வலப் பக்கத்தில் ஒரு சூறாவளி தெரிகிறது. அது இரு நாட்களுக்கு முன் தமிழ்நாட்டைத் தாக்கிய சூறாவளியாகும். வானிலைப் பதிவும் படமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.

5) நிலத்தின் இயல்புடன் பொருந்துகிறதா? வன்னியில் வடகீழ்ப் பருவமழைக்குப் பின் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்கள் நிரம்பிக் காணப்படும். காலபோக வயல்கள் பசுமையாக இருக்கும். ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் நீர்ப்பரப்புச் சுருங்கித் தரை கபில நிறமாகும். நிரம்பிய குளங்களும் பசிய வயல்களும் கொண்ட படத்தின் கீழ் "ஓகஸ்ட் வரட்சி" என எழுதியிருந்தால் அதன் திகதி பிழையாகலாம்.

கவனிக்க: பகற்புவியின் படத்தில் விண்மீன்கள் தெரியாமை பொய்மைக்குச் சான்று அன்று. பிரகாசமான புவியைப் படம் பிடிக்கும்போது கமெராவுக்குள் மிகக் குறுகிய நேரமே ஒளி செல்வதால் மங்கலான விண்மீன்கள் பதிவாவதில்லை.

4. படம் சொல்லாததைச் சொல்லுதல்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர் நீளத்துக்குள்ள மணற்றிட்டுத் தொடர் இராமர் அணை எனவும் ஆதாம் பாலம் எனவும் அழைக்கப்படும். 2002இல் நாசாவின் படங்களைக் காட்டி, இது 17 இலட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் கட்டியது என நாசா கண்டறிந்ததாகச் செய்தி பரவியது. படங்கள் தம்முடையவையே எனினும் அவ்விளக்கம் தம்முடையதன்று என நாசா கூறியது. விண்வெளிப் படம் திட்டுகளின் வடிவத்தைக் காட்டும்; அவற்றின் வயதையோ, ஆக்கியவர் யார் என்பதையோ காட்டாது. ஒருவரின் சமய நம்பிக்கை வேறு, ஒரு படம் தரும் சான்று வேறு என்பதை விடையில் தெளிவாக எழுதுதல் வேண்டும்.

5. இவ்வறிவு ஏன் தேவை?

செய்மதிப் படம் அழகுக்காக மட்டும் பார்க்கப்படுவதன்று. அது சான்றாகவும் பயன்படுகிறது. 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் மக்கள் செறிந்திருந்த பகுதியை வெவ்வேறு தினங்களிற் காட்டிய செய்மதிப் படங்களை, விஞ்ஞான முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கம் ஒப்பிட்டு, அங்கிருந்த கூடாரங்கள் அகன்றமையை அறிக்கையிட்டது. திகதியும் இடமும் திட்டமாகத் தெரிந்தமையாலேயே அவ்வொப்பீடு சாத்தியமாயிற்று. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏற்பட்டது போன்ற வெள்ளத்தின்போது வேறிடத்துப் படமொன்று பரவினால், உதவி பிழையான இடத்துக்குச் செல்லலாம். மக்கள் வீணே அச்சமடையலாம். பொய்ப் படங்கள் பெருகினால் உண்மையான சான்றையும் மக்கள் நம்ப மறுப்பர். இதுவே பெரிய இழப்பாகும்.

செயற்பாடு: நாசாவின் வேர்ல்ட்வியூ இணையத்தளத்தில் ஒரு திகதியைத் தெரிவுசெய்து அன்றைய செய்மதிப் படத்தை இலவசமாகப் பார்க்கலாம். ஜனவரி, செப்ரெம்பர் மாதங்களில் முகிலற்ற நாள் ஒவ்வொன்றைத் தெரிந்து, வன்னிப் பகுதியை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

மாதிரி வினாக்கள்

1. தொகுப்புப் படத்துக்கும் புனைவுப் படத்துக்கும் இடையிலான வேறுபாடு யாது?
விடைக் குறிப்பு: முன்னையது உண்மையான தரவுகளின் இணைப்பு, பின்னையதற்கு அத்தகைய தரவு அடிப்படை இல்லை.

2. "தீபாவளிப் படம் பொய்யானது." இக்கூற்றைத் திருத்தி எழுதுக.
விடைக் குறிப்பு: படம் உண்மையான தரவுகளாலானது, அதற்கு வழங்கப்பட்ட விளக்கமே பொய்யானது.

3. இரணைமடுக் குளத்தைக் காட்டும் படமொன்றின் திகதி சரியானதா என ஆராய உதவும் இரு அம்சங்களைத் தருக.
விடைக் குறிப்பு: நீர்ப்பரப்பின் அளவு, சுற்றியுள்ள வயல்களின் நிறம்.