புளூடூத்துக் கருவிகள் சோடி சேர மறுப்பதேன்?

வானொலிப் பெட்டியைத் திருகி நிலையம் தேடிப் பழகியவர்களுக்கு ஒரு விவேகம் தானாகவே கைவந்திருக்கும். ஒலி வராதபோது பிழை நிலையத்திலா, பெட்டியிலா, இடையேயுள்ள வானிலா என்று அவர்கள் முதலிற் கேட்பார்கள். அடுத்த நிலையம் தெளிவாகக் கேட்குமாயின் பெட்டி குற்றமற்றது எனத் துணிவார்கள். இந்த விவேகம் கணினியின்முன் அமர்ந்ததும் பலரைக் கைவிட்டு விடுகின்றது. இணையவழி நேர்முகப் பரீட்சை தொடங்கப் பத்து நிமிடமே இருக்கையில், நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த ஹெட்போன் சேர மறுத்தால், மனிதர் பதறுகின்றார். அதையும் இதையும் அழுத்துகின்றார். ஈற்றில் கருவி பழுதாயிற்று என முடிவு கட்டுகின்றார். நல்ல கருவி மேசை லாச்சிக்குள் போகின்றது, புதியது வாங்கப்படுகின்றது. சில நாட்களின்பின் புதியதும் அவ்வாறே முரண்டு பிடிக்கும்போதுதான், குற்றம் கருவியினுடையது அன்றோ என்ற ஐயம் எழுகின்றது.

புளூடூத்து என்பதும் வானொலியே. மிகச் சிறிய வானொலி. சுவீடன் தேசத்து லுண்ட் நகரிலே எரிக்சன் நிறுவனத்தார் 1994ஆம் ஆண்டில் இதற்கான வேலையைத் தொடங்கினர். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனுக்கு 'நீலப்பல்லன்' என்றொரு பட்டப்பெயர் இருந்தது. பிரிந்து கிடந்த மக்களை ஒன்றாக்கியவன் என அவன் போற்றப்பட்டமையால், பல்வேறு கருவிகளை ஒன்றாக்கும் இம்முறைக்கு அப்பெயர் 1997இல் முன்மொழியப்பட்டது. தற்காலிகமாக வைத்த பெயர் நிலைத்தே போயிற்று. எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களும் 1998இல் கூடி இதற்கெனச் சங்கமொன்றை அமைத்தன. சாதாரணமாக இக்கருவிகள் வானில் விடும் ஆற்றல் 2.5 மில்லிவாற்று அளவினது. எட்டும் தூரம் ஏறத்தாழப் பத்து மீற்றர்.

வானொலி நிலையம் ஓர் அலைவரிசையில் அசையாது நின்று ஒலிபரப்புகின்றது. புளூடூத்தோ ஓரிடத்தில் நிற்பதில்லை. 2402 முதல் 2480 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள பரப்பை 79 தடங்களாகப் பிரித்து, செக்கனுக்கு 1600 முறை தடம் விட்டுத் தடம் தாவுகின்றது. முதலில் அமைந்த வகையின் இயல்பு இது. 2010இல் வந்த குறைந்த மின்செலவு வகைக்குத் தடங்கள் 40. பேசும் இரு கருவிகளும் ஒரே தாளத்தில் தாவினாலன்றி ஒன்றையொன்று கேட்க முடியாது. தாளம் ஒத்தாலும் போதாது. பக்கத்து வீட்டுக் கருவி இடையிற் புகாதிருக்க இரண்டுக்கும் பொதுவான இரகசியம் ஒன்று வேண்டும். முதன்முறை சந்திக்கும்போது அந்த இரகசியச் சாவியை உண்டாக்கி, இரு பக்கமும் ஒவ்வொரு பிரதியைப் பத்திரப்படுத்திக் கொள்வதே சோடி சேர்தல். அதன்பின் நாள்தோறும் நிகழ்வது வெறும் தொடர்பு. சோடி சேர்தல் ஒருமுறை, தொடர்பு பலமுறை. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதிலிருந்தே பெரும்பாலான தடுமாற்றங்கள் பிறக்கின்றன.

ஒருபக்கம் சாவி இருந்து, மறுபக்கம் அது தொலைந்துவிட்டால் என்ன நடக்கும்? கணினியின் திரையில் ஹெட்போனின் பெயர் இருக்கும். 'சோடி சேர்ந்துள்ளது' என்றும் எழுதியிருக்கும். ஆயினும் தொடர்பு கிட்டாது. பூட்டை மாற்றிய வீட்டைப் பழைய திறப்பால் திறக்க முயல்வது போன்றது இது. ஹெட்போனை ஆதிநிலைக்கு மீட்டிருந்தாலும், கணினியின் இயங்குதளத்தைப் புதிதாக இட்டிருந்தாலும் இவ்வாறாகும்.

இதனைத் தெளிவாகக் காட்டும் உதாரணம், ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரு இயங்குதளங்களையும் வைத்திருப்போரின் அனுபவமாகும். விண்டோஸில் ஹெட்போனைச் சோடி சேர்க்கின்றார், நன்றாகப் பாடுகின்றது. மறுநாள் லினக்ஸுக்குள் சென்று அங்கும் சேர்க்கின்றார், அங்கும் பாடுகின்றது. திரும்ப விண்டோஸுக்கு வந்தால் அது மௌனம் சாதிக்கின்றது. காரணம் யாதெனின், இரு இயங்குதளங்களுக்கும் கணினியிலுள்ள புளூடூத்துச் சில்லு ஒன்றே. அதன் முகவரியும் ஒன்றே. ஹெட்போன் ஒரு முகவரிக்கு ஒரு சாவியையே நினைவில் வைக்கும். லினக்ஸோடு புதுச்சாவி உண்டானவுடன் விண்டோஸின் பழைய சாவியை அது மறந்து விட்டது. விண்டோஸுக்கோ அம்மறதி தெரியாது. இங்கே எந்தக் கருவியும் பழுதில்லை, எந்த மென்பொருளும் பிழையில்லை. ஆயினும் ஒலி இல்லை. ஒரு தளத்தின் சாவியை மற்றதிற் பிரதி செய்வது இதற்குப் பரிகாரம். அவ்வளவு நுணுக்கத்தில் இறங்க விரும்பாதவர் சிறியதொரு யு.எஸ்.பி. புளூடூத்துக் கருவியை வாங்கி ஒரு தளத்துக்கு மட்டும் அதனை ஒதுக்கலாம்.

ஏனையோருக்கு வழி எளிது. ஆனால் அரைகுறையாகச் செய்தாற் பயனில்லை. கணினியின் பட்டியலிலிருந்து கருவியின் பெயரை நீக்க வேண்டும். கருவியின் நினைவிலிருந்தும் பழைய சோடிகளை நீக்க வேண்டும். அதற்குரிய பொத்தான் அழுத்தும் முறை கருவியோடு வரும் தாளில் இருக்கும், அந்தத் தாளை எறிந்தவரே அதிகம். இரண்டும் முடிந்தபின், விளக்கு மின்னி மின்னி எரியும்வரை பொத்தானை அழுத்திச் சோடி சேரும் நிலைக்குக் கருவியைக் கொண்டுவந்து, கணினியிற் புதிதாகத் தேட வேண்டும். வெறுமனே கருவியை இயக்கிவிட்டுக் கணினியிற் பெயர் தோன்றவில்லையே என்று காத்திருப்பது வீண். அடுத்த அறையில் கிடக்கும் கைத்தொலைபேசி முந்திக்கொண்டு ஹெட்போனைப் பற்றியிருப்பதும் உண்டு. அத்தகைய வேளையிற் கைத்தொலைபேசியின் புளூடூத்தை அணைத்தாலே போதும். விசைப்பலகையைச் சேர்ப்போர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். திரையில் தோன்றும் இலக்கங்களைப் புதிய விசைப்பலகையிலேயே தட்டி, முடிவில் 'என்டர்' விசையையும் அழுத்த வேண்டும்.

கணினியின் பட்டியலில் கருவி தோன்றவில்லை என்பது ஒன்று. புளூடூத்து என்ற பகுதியே கணினியிற் காணாமற் போவது வேறொன்று. பின்னையது நேர்ந்தால் ஹெட்போனைத் தொடவே வேண்டாம். பிழை இயக்கி மென்பொருளில் இருக்கக்கூடும். சில்லின் மொழி இயங்குதளத்துக்குத் தெரியாது. இயங்குதளத்தின் மொழி சில்லுக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் துவிபாஷியே இயக்கி. வைஃபை ஒழுங்காக வேலை செய்கின்றதே, அதே அட்டையிலுள்ள புளூடூத்து எவ்வாறு கெடும் என்று சிலர் வியப்பர். மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டும் ஓர் அட்டையிலேயே இருந்தாலும், வைஃபை ஒரு வழியாலும் புளூடூத்து உள்ளேயுள்ள யு.எஸ்.பி. வழியாலும் கணினியோடு பேசுகின்றன. இரண்டுக்கும் துவிபாஷிகள் வெவ்வேறு. ஆதலால் ஒன்று ஊமையானாலும் மற்றது பேசும்.

விண்டோஸில் 'டிவைஸ் மனேஜர்' என்னும் பட்டியலைத் திறந்தால் உண்மை புலப்படும். பெயரருகே அடையாளம் ஏதேனும் இருப்பின் அதனைத் திறந்து, அங்குள்ள இலக்கத்தைப் பார்த்தல் வேண்டும். 22 என்றால் எவரோ அதனை நிறுத்தி வைத்திருக்கின்றார்; மீண்டும் இயங்க விட்டால் சரி. 28 என்றால் இயக்கியே இடப்படவில்லை. 10 என்றால் சில்லு தொடங்க மறுக்கின்றது. 43 என்றால் சில்லே தனக்குப் பிழை நேர்ந்ததாக அறிவித்து விட்டது. இயக்கியைக் கணினி செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, அந்தக் கணினியின் மாதிரி இலக்கத்துக்கு உரியதாகப் பார்த்து எடுப்பதே உத்தமம். இலவசமாக எல்லா இயக்கிகளையும் தருவோம் என்று கூவும் இடங்களிலிருந்து எடுப்பவர் புளூடூத்தோடு வேறு தொல்லைகளையும் வீட்டுக்கு அழைத்து வருவார். புதிய இயக்கி வந்த மறுநாளே கோளாறு தொடங்கியிருந்தால், அதே பட்டியலிற் பழையதற்குத் திரும்பும் வழியும் உண்டு.

அணைத்து இயக்கினாற் சரியாகிவிடும் என்பது பழைய மருந்து. ஆனால் 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அம்மருந்தின் குணம் மாறியிருக்கின்றது. விரைவாகத் தொடங்குவதற்காக, அணைக்கும்போது இயங்குதளம் தன் உள்நிலையை வட்டில் எழுதிவைத்து, மறுமுறை அதனையே எடுத்துக் கொள்கின்றது. எனவே நேற்றுக் குழம்பிய இயக்கி இன்றும் குழப்பத்தோடே எழும். 'ரீஸ்ரார்ட்' என்பதை அழுத்தினால் மட்டுமே யாவும் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாத சில்லு உண்டு. கணினி அணைந்திருந்தாலும் சில்லுக்குச் சிறிதளவு மின் சென்றுகொண்டிருப்பதால் அதன் குழப்பம் தீருவதில்லை. மேசைக் கணினியாயின் சுவரிலிருந்து மின் இணைப்பைப் பிடுங்கிச் சில நிமிடம் விட வேண்டும். மடிக்கணினியாயின் மின்னூட்டியைக் கழற்றி, அணைந்த நிலையிலேயே மின் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காணாமற் போயிருந்த புளூடூத்து இவ்வளவில் மீண்டு வருவதைப் பலர் கண்டிருக்கின்றனர்.

சோடியும் சரி, இயக்கியும் சரி, ஆனால் ஒலி விட்டு விட்டு வருகின்றது என்றால் பிழை வானில். 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையும் நுண்ணலை அடுப்பும் அதே பரப்பிலேயே உலாவுகின்றன. யு.எஸ்.பி. 3 வகைத் துளைகளும் அவற்றிற் செருகிய வட்டுகளும் அப்பரப்பில் இரைச்சல் எழுப்புவதை இன்டெல் நிறுவனம் 2012இல் எடுத்துக் காட்டியது. சிறிய புளூடூத்துக் கருவியை அத்துளையிலிருந்து அகற்றி, ஒரு நீட்டுக் கம்பியின் முனையில் வைத்தாலே அநேகமாகத் தெளிவு பிறக்கும். ஒலி விடாது வந்தும் பழைய தொலைபேசிக் குரல்போல் மங்கியிருந்தால் அதற்குக் காரணம் வேறு. ஹெட்போனின் ஒலிவாங்கியைக் கணினி பயன்படுத்தத் தொடங்கியதும், இசைக்குரிய முறையை விட்டு உரையாடலுக்குரிய தாழ்ந்த முறைக்கு அது மாறிவிடுகின்றது. கணினியின் சொந்த ஒலிவாங்கியைத் தெரிவு செய்தால் இசை மீளும்.

சோடி சேர்க்கையில் இருபக்கமும் ஆறு இலக்கங்கள் தோன்றுமாயின், அவை ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்தே சம்மதிக்க வேண்டும். தாம் கேளாத வேண்டுகோள் திடீரென்று திரையில் எழுந்தால் மறுத்துவிட வேண்டும். சோடி சேராத அயலாரும் உட்புகக் கூடிய ஓட்டைகள் பல இயங்குதளங்களில் இருந்தமை 2017இல் வெளிப்பட்டது. திருத்தப் பதிப்புகளை இடாது ஒத்திப் போடுவோர் இதனை நினைவிற் கொள்ளலாம். இன்னொன்று: புளூடூத்து விசைப்பலகையும் சுட்டியும் மட்டுமே உள்ள கணினியில் இயக்கியை நீக்கினால், அடுத்த கட்டளையைக் கொடுக்கக் கையில் எதுவும் இராது. கடவுச்சொல்லைத் தட்டவும் வழியின்றிப் போகும். ஆகையால் வேலையைத் தொடங்குமுன், கம்பியோடு கூடிய பழைய விசைப்பலகை ஒன்றையும் சுட்டி ஒன்றையும் எங்கேயாவது தேடியெடுத்துச் செருகிக் கொள்ள வேண்டும்.